மழையில் ஏறிய வோல்டேஜ்

நமுத்துப்போன பட்டாசு வெடித்தால் ஒரு அரைகுறைச் சத்தம் வருமே, அப்படித்தான் வந்தது. முதலில் ஒன்று. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் இன்னொன்று. அப்புறம் அந்த நாற்றம்.

மோட்டார் காயில் கட்டியே இளமையைக் கழித்தவன் நான். எரிந்த வார்னிஷ் வாசனை எனக்குச் சாம்பிராணி மாதிரி. ஆனால் இது வேறு நாற்றம். பிளாஸ்டிக்கும் கருவாடும் சேர்ந்து கருகினது போல இருந்தது.

வெளியே தெருவே கூச்சல் போட்டுக்கொண்டிருந்தது. சந்தோஷக் கூச்சல். ஒன்றரை மாதமாக ஏமாற்றிய மழை அப்போதுதான் சடசடவென்று இறங்கியிருந்தது. கொல்லைப்பக்கமாக என் மனைவி கலைவாணி தொப்பலாக நனைந்து ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏங்க, மழைங்க! மோட்டார நிறுத்திட்டு வந்துட்டேன்!"

மிஷினைக் காட்டினேன். அதன் பக்கத்தில் இருந்த பெட்டியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு வியாழக்கிழமை. சாயங்காலம் நாலு மணி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை எனக்கு மஸ்கட்டுக்கு டிக்கெட். அந்த டிக்கெட்டைக் கிழித்துப் போடுவதற்காகத்தான் அந்த மிஷினையே கட்டினேன்.

எதற்கு இந்த வம்பு

போன வாரம் மஸ்கட் பட்டறையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அங்கே சௌகரியமாகத்தானே இருந்தீர்கள், ஐம்பது வயதுக்கு மேல் ஊருக்கு வந்து மிஷின் கட்டுகிற வம்பு எதற்கு என்று.

சௌகரியமாம். ஏசி இருந்தது, வாஸ்தவம். பதினெட்டு வருஷம் இருந்தேன். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவு. கலைவாணியோடு நான் இருந்த நாட்களை மொத்தமாகக் கூட்டினால் இரண்டு வருஷம் தேறாது.

அவள் இங்கே ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் ஊரில் ஐந்து மா, அதாவது ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல், நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துத் தனி ஆளாக விவசாயம் பார்த்தாள். நாற்று விட்டதும் அவள்தான், நடவுக்கு ஆள் பிடித்ததும் அவள்தான். வயலில் பாம்பு கிடந்தால் தாண்டிப் போய் பம்ப்செட் ஸ்விட்சைப் போட்டதும் அவள்தான். நான் போனில் "சாப்ட்டியா?" என்று கேட்டேன். நான் குடும்பம் நடத்திய லட்சணம் அவ்வளவுதான்.

மிஷின் புகைந்த அந்த லீவில் ஒரு சொந்தக்காரரின் அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போயிருந்தோம். மண்டபத்துக்காரர் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். வருகிற ஒவ்வொரு ஜோடிக்கும் அவர்கள் பெயரைச் செதுக்கி ஒரு மரப்பலகை கொடுக்க அவருக்கு ஆசை. ஆனால் கையால் செதுக்கி மாளாது. அங்கே ஒரு நாளைக்கு எத்தனை ஜோடி!

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? "மிஷின்ல செஞ்சு தர்றேங்க" என்றுவிட்டேன்.

"செஞ்சு காட்டுங்க பாப்போம். வர்ற மாசம் கடைசி வெள்ளிக்கிழம நல்ல முகூர்த்தம். அன்னைக்கு ஒரு ஜோடிக்குக் குடுத்துப் பாக்கறேன். புடிச்சுதுன்னா வருஷம் பூரா வேல உங்களுக்குத்தான்" என்றார் அவர்.

திரும்பி வருகிற பஸ்ஸில் கலைவாணி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே கேட்டாள். "அந்தப் பலக வேல கெடச்சா போவமாட்டீங்கதானே?"

"போகமாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா, கலை."

மன்னார்குடி தாண்டினதும் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

பெரிசாப் போடு

மிஷின் என்றால் பெரிய ராட்சசன் இல்லை. கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுத்தால், சுழலும் கத்தி ஒன்றைக் குறுக்கும் நெடுக்கும் மேலும் கீழும் நகர்த்தி மரத்தில் செதுக்கும். சி.என்.சி. என்பார்கள். மஸ்கட் பட்டறையில் அதன் கரண்ட் சமாசாரம் எல்லாம் என் பொறுப்பில்தான் இருந்தது. ரிப்பேர் பார்த்தவன் கட்டவும் முடியும் என்று நினைத்தேன். சமையலை ருசி பார்த்தவன் எல்லாம் சமைத்துவிட முடியுமா? அந்த யோசனை அப்போது வரவில்லை.

கத்தியை நகர்த்த நாலு மோட்டார் வேண்டும். பம்ப்செட் மோட்டாருக்கு நாம் சொல்வது ஒரே கட்டளை. ஓடு. இது அப்படியில்லை. ஒரு சுற்றை இருநூறு காலடியாகப் பிரித்து, இத்தனை அடி போ, நில், பின்னால் வா என்று சொல்ல வேண்டும். ஸ்டெப்பர் மோட்டார் என்று பெயர். ஒவ்வொரு மோட்டாருக்கும் அந்தக் கட்டளையைக் கொடுக்க டிரைவர் என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு.

எந்த அளவு மோட்டார் வாங்குவது? இங்கேதான் என் புத்தி வயலுக்குப் போய்விட்டது.

எங்கள் ஊரில் மோட்டாருக்கு ஒரே சாஸ்திரம்தான். தண்ணீர் கீழே போனால் பெரிய மோட்டார் போடு. எனக்குக் கல்யாணமானபோது ஊரெல்லாம் ஐந்து ஹெச்.பி. அப்புறம் ஏழரை. இப்போது பத்து. பக்கத்து வயலில் பத்து போட்டால் நீ பன்னிரண்டரை போடு. சின்ன மோட்டாருக்கு மாறினேன் என்று ஒருத்தன் சொல்லி நான் கேட்டதில்லை.

தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடை. அங்கே இருந்ததிலேயே பெரியதாக நாலு கேட்டேன். முகமே மூன்றரை அங்குலம். தூக்கினால் கைக்குழந்தை கனம்.

கடைக்காரர் தயங்கினார். "பலகதானே சார் செதுக்கப் போறீங்க? இது இரும்பு வெட்டறவங்க வாங்கறது."

"இருக்கட்டுமேங்க. இழுவ ஜாஸ்தியா இருந்தா நல்லதுதானே?"

"நீங்க வாங்கியிருக்கற இருபத்திநாலு வோல்ட் சப்ளைப் பெட்டிக்கு இது வேகமா ஓடாது சார்."

"நான் காயில் கட்டறவங்க. எனக்குத் தெரியாததா?" என்றேன். அந்த வாக்கியத்தை இப்போது எழுதும்போதே எனக்குக் கூசுகிறது.

பக்கத்து வீட்டுக் கோவிந்தராசு அண்ணன் வந்து பார்த்தார். ஒன்றை எடுத்து எடை பார்த்துவிட்டு, "இதுய்யா மோட்டாரு!" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

எலிக்குஞ்சு

மாட்டி ஓட்டினேன். மெதுவாக நகர்த்தினால் நகர்ந்தது. கொஞ்சம் வேகம் கூட்டினால் உர்ரென்று உறுமிவிட்டு அப்படியே நின்றது. இரண்டு வாரம் மல்லுக்கட்டினேன். லீவில் பாதி கரைந்தது.

காரணம் ஒன்றும் பிரம்மவித்தை இல்லை. பெரிய காயிலுக்குள் கரண்ட் ஏறுவதற்கு நேரம் பிடிக்கும். தள்ளிவிடுகிற வோல்டேஜ் குறைவாக இருந்தால் இன்னும் நேரம் பிடிக்கும். வேகமாக ஓடும்போது ஒரு அடியில் கரண்ட் ஏறி முடிப்பதற்குள் அடுத்த அடி வந்துவிடுகிறது. மோட்டார் பெரிதாக இருந்து என்ன செய்ய? பலம் வருவதற்குள் பந்தி முடிந்துவிடுகிறது.

ஆக, இந்த வேலைக்கு வேண்டியது சின்ன மோட்டாரும் கொஞ்சம் கூடுதல் வோல்டேஜும். ஊர் சாஸ்திரத்துக்கு நேர் எதிர்.

கடைக்காரர் நல்ல மனுஷன். திட்டாமல் மாற்றிக் கொடுத்தார். இரண்டேகால் அங்குல முகம், உள்ளங்கைக்குள் அடங்குகிற உடம்பு. கோவிந்தராசு அண்ணன் மறுபடி வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"என்ன தம்பி, எலிக்குஞ்சு மாரி இருக்கு? இது என்னத்த இழுக்கும்?"

"இழுக்கும்ண்ணே."

"என்னமோ போ. வெளிநாட்டுல இருந்துட்டு வந்தவன், ஒனக்குத் தெரியும்."

எனக்கு அப்போதே முதுகு வலி. குனிந்து குனிந்து மரை முடுக்கியது. கலைவாணி தைலம் தேய்த்துவிடுவாள். தேய்த்துக்கொண்டே, "ஆயிடுமா?" என்று மட்டும் கேட்பாள். ஆகிவிடும் என்பேன். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை என்பது அவள் கைக்குத் தெரிந்திருக்கும்.

குறுவைக் கரண்ட்

மோட்டாருக்கு இருபத்திநாலு போதாது, நாற்பதுக்குமேல் வேண்டும். ஆனால் டிரைவர் பெட்டி ஐம்பதுக்குமேல் தாங்காது. இடையில் ஒரு சந்து. அந்தச் சந்துக்குள் நிற்க வேண்டும்.

கடைக்காரர் ஒரு ரெடிமேட் சப்ளை கொடுத்தார். நாற்பத்தெட்டு வோல்ட்டில் இம்மி பிசகாமல் நிற்கும் என்றார். நின்றிருக்கும், தஞ்சாவூரில். எங்கள் ஊரில் குறுவைக் காலத்துக் கரண்ட் என்ன லட்சணம் என்று அந்தச் சப்ளைக்கு யார் சொல்வது?

காவிரிக் கால்வாயான புதுஆற்றில் தண்ணீர் வந்தும் எங்கள் பக்கத்து வாய்க்காலை எட்டிப் பார்க்காத வருஷம் அது. நடவு முடிந்த வயலெல்லாம் போர் தண்ணீரை நம்பி நின்றது. காலையில் ஒருத்தர் மோட்டாரைப் போட்டால் போதும், வரிசையாக ஊரே போடும். எல்லோருக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர். டியூப்லைட் கண் சிமிட்டிவிட்டுப் படுத்துவிடும். மிக்ஸியில் தேங்காய் போட்டால் அது அரைக்காது, அழும். அதற்காக யாரைக் குறை சொல்வது? என் வீட்டு மோட்டாரும்தான் அதில் ஓடியது.

மிஷின் முகப்பில் ஒரு சின்ன மீட்டர் வைத்திருந்தேன். வீட்டுக்கு வருகிற வோல்டேஜைச் சிவப்பு எழுத்தில் காட்டும். இருநூற்று முப்பது இருக்க வேண்டிய இடத்தில் நூற்று எழுபத்தைந்து. சில சமயம் அதற்கும் கீழே. ரெடிமேட் சப்ளை பாதி எழுத்தில் செத்துச் செத்துப் பிழைத்தது. அது செத்தால் கத்தி தடம் மாறும். தடம் மாறினால் பலகை விறகு.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. காயில் கட்டுகிறவன் வீட்டில் ஒரு சப்ளைக்குப் பஞ்சமா? பழைய இரும்புத் தகடுகளை எடுத்து, செம்புக் கம்பி வாங்கி, நானே டிரான்ஸ்பார்மர் சுற்றினேன். இரண்டு நாள். விரலெல்லாம் காப்புக் காய்த்தது.

எந்த வோல்டேஜுக்குக் கணக்குப் போட்டேன் தெரியுமா? மீட்டர் காட்டிய நூற்று எழுபத்தைந்துக்கு. அந்த நூற்று எழுபத்தைந்தை வாங்கி மோட்டாருக்கு நாற்பத்திரண்டு கொடுக்கிற மாதிரி சுற்றினேன். புத்தகத்தில் இருநூற்று முப்பது என்று போட்டிருக்கும், என் வீட்டில் இல்லையே? வீட்டு உலைக்குத் தகுந்த அரிசி.

ஓட்டினேன். என்ன ஓட்டம்! எலிக்குஞ்சு நாலும் சிட்டாகப் பறந்தன. புதன்கிழமை சாயங்காலம் ஒரு கழிவுப் பலகையில் குத்துவிளக்குப் படம் ஒன்றைச் செதுக்கிக் காட்டினேன். கலைவாணி அதன்மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"டிக்கெட்ட கேன்சல் பண்ணிடுவீங்கல்ல?"

"வெள்ளிக்கிழம அவரு பாத்து சரின்னு சொல்லட்டும், அடுத்த நிமிஷம் பண்றேன்" என்றேன்.

வியாழக்கிழமை

வெள்ளிக்கிழமைக்கான பலகையை மதியம் வைத்தேன். மண்டபத்துக்காரர் அனுப்பிய ஜோடியின் பெயர், நடுவில் கும்பம், சுற்றிலும் கொடி. நாலு மணிக்குள் முக்கால்வாசி முடிந்திருந்தது.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. மண் வாசனை வந்தது. மேலே ஃபேன் வேகமாகச் சுற்ற ஆரம்பித்தது. மீட்டரைப் பார்த்தேன். நூற்றுத் தொண்ணூறு. பிறகு இருநூற்றுப் பத்து.

இதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. நான் சந்தோஷப்பட்டேன். 'அட, இன்னைக்கு நல்ல கரண்ட்டுப்பா' என்று வாய்விட்டுச் சொன்னேன். லோ வோல்டேஜிலேயே வாழ்ந்தவனுக்கு வோல்டேஜ் ஏறினால் விருந்து. அது எதற்காக ஏறுகிறது, எங்கே போய் நிற்கும் என்று யோசிக்கவில்லை.

மழை வந்தால் தண்ணீர் இறைக்க வேண்டாம். ஒவ்வொருத்தராகப் போய் மோட்டாரை நிறுத்துகிறார்கள். ஒவ்வொரு மோட்டார் நிற்கும்போதும் என் வீட்டில் வோல்டேஜ் ஏறுகிறது. கடைசியாக எங்கள் வயல் மோட்டாரைக் கலைவாணி போய் நிறுத்தினாள். இருநூற்று நாற்பது. நான் சுற்றிய டிரான்ஸ்பார்மர் எனக்கு மேல் ரோஷக்காரன். வாங்கினதற்குத் தகுந்தபடி ஐம்பத்தெட்டு வோல்ட்டை எடுத்து நீட்டிவிட்டான். ஐம்பது தாங்குகிற டிரைவர்களில் இரண்டு அந்த இடத்திலேயே போய்ச் சேர்ந்தன.

கத்தி பெயருக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு நின்றது.

கடைக்காரருக்குப் போன் செய்தேன். "ஸ்டாக் இல்ல சார். கோயம்புத்தூர்லேர்ந்து வரணும், நாலு நாளாவும்" என்றார். வெள்ளிக்கிழமை காலை மண்டபத்துக்காரருக்குப் போன் செய்தேன். அவர் கோபப்படவில்லை. "பரவால்லீங்க, அப்புறம் பாப்போம்" என்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பிரிட்ஜுக்கு ஒண்ணு இருக்கே

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது கலைவாணி மெதுவாகக் கேட்டாள். "ஏங்க, நான் கேக்கறேன்னு கோச்சுக்காதீங்க. நம்ம பிரிட்ஜுக்கு ஒரு ஸ்டெபிலைசர் மாட்டியிருக்கோமே. கரண்ட் ஏறினாலும் எறங்கினாலும் அது சரி பண்ணுதுல்ல? இதுக்கும் அது மாரி ஒண்ணு போட்டிருக்கக் கூடாதா?"

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தேன்.

அந்த ஸ்டெபிலைசரை வாங்கி மாட்டினதே நான்தான். இந்தக் கையால் எத்தனை வீட்டுக்கு மாட்டியிருக்கிறேன்! கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் கதை. காயில் கட்டுகிற கர்வம் கண்ணை மறைத்துவிட்டது.

"போட்டிருக்கலாம்" என்றேன்.

அவள் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை போய்விட்டேன். லீவை நீட்டித்தால் விசா போய்விடும். அதைவிட, எனக்கு அலுத்துப்போயிருந்தது. இன்னொருமுறை தோற்பதற்குத் தெம்பில்லை. மிஷின்மேல் பழைய சேலை ஒன்றைப் போர்த்திவிட்டு, மீட்டரைப் பிடுங்கக்கூட மனசில்லாமல் காரில் ஏறினேன். கலைவாணி வாசலில் நின்றாள், தூறலில்.

நோட்டு

இரண்டு வருஷம் கழித்து அடுத்த லீவு. வந்த மறுநாள் காலையில், காபி டம்ளரோடு ஒரு பள்ளிக்கூட நோட்டையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"என்ன இது?"

"உங்க மீட்டரு. காலையில, மத்தியானம், சாயங்காலம். பாத்துப் பாத்து எழுதி வச்சேன். அன்னைக்கு எவ்ளோ ஏறும் எவ்ளோ எறங்கும்னு தெரியாமத்தானே வீணாப் போச்சு? இப்பத் தெரியும்ல. பாத்து வாங்குங்க."

இரண்டு வருஷமாகப் போனில் பேசியிருக்கிறோம். ஒரு நாள்கூட இதைச் சொல்லவில்லை.

நான் கரண்ட்காரன். புரட்டினேன், குறைந்தது எவ்வளவு, கூடினது எவ்வளவு என்று மட்டும் தேடினேன். குறைந்தது நூற்று நாற்பத்தாறு. கூடினது இருநூற்று ஐம்பத்தொன்று. எண்களுக்குப் பக்கத்தில் ஏதேதோ கிறுக்கியிருந்தாள். நான் அதைப் படிக்கவில்லை. நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறினேன்.

அதே கடை. அதே கடைக்காரர். காதோரம் நரைத்திருந்தது. "ஸ்டெபிலைசரா சார்? எதுலேர்ந்து எதுவரைக்கும் வேணும்?" என்றார். நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். புரட்டப் புரட்ட வாய்விட்டுப் படித்தார்.

"'நூத்தி அறுவது. களை எடுக்க ஆள் வரல.' 'இருநூத்தி முப்பது. மழ. எல்லாரும் நிறுத்திட்டாங்க.' 'புயல். அஞ்சு நாளா கரண்ட் இல்ல. பயமா இருக்கு.' 'நூத்தி எம்பது. காய்ச்சல், எழுந்திருக்க முடியல.'" நிறுத்திவிட்டு மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார். "மொத வரியில என்ன சார் இது? 'ஞாயிறு காலை. இருநூத்தி முப்பத்தாறு. தூறல். கார் போயிடுச்சு.'"

நான் கடை வாசல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

என் கார் தெரு முனை திரும்பியிருக்கும். அவள் உள்ளே வந்து, மிஷின்மேல் போர்த்திய சேலையை விலக்கி, மீட்டரைப் பார்த்து எழுதியிருக்கிறாள். காய்ச்சலில் எழுந்திருக்க முடியாத அன்றும் எழுந்து வந்து எழுதியிருக்கிறாள். நான் வருவேன் என்று.

கடைக்காரர் நோட்டை மூடி, இரண்டு கையாலும் என் பக்கம் நகர்த்தினார். "நூத்தி நாப்பதுலேர்ந்து இழுக்கற மாரி ஒண்ணு இருக்கு சார். எடுத்துத் தரவா?"

"தாங்க" என்றேன். "அந்த ரெண்டு டிரைவரும் குடுங்க."

மண்டபத்துக்காரர் மறுபடி வேலை கொடுப்பாரா என்று தெரியாது. அவர் இல்லாவிட்டால் வேறு மண்டபம். அதுவும் இல்லாவிட்டால் மறுபடி காயில் கட்டுவேன். பஸ் ஸ்டாண்டில் ஸ்டெபிலைசரைக் காலடியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தேன்.

"கலை, மீட்டரு இப்ப எவ்ளோ காட்டுது?"

போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "நூத்தி எம்பத்தி மூணு. ஏங்க?"

"இன்னையோட எழுதறத நிறுத்திக்க."

"ஏன், போதுமா?"

"போதும். இனிமே நான் இருந்து பாத்துக்கறேன்."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்.

"சரி. நோட்ட பஸ்ல விட்டுட்டு வந்துடாதீங்க."